டெஃபனிங்லி: கேட்பவனின் காதிலிருந்து பிறந்த ஒரு சொல்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை தரம் 10 பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கட்டுரைத் தலைப்பு, எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி. ஒரு பிள்ளை, கயிறிழுத்தல் போட்டியில் தங்கள் இல்லம் வென்றபோது எல்லோரும் 'டெஃபனிங்லி' சத்தம் போட்டார்கள் என்று எழுதியிருந்தாள். எங்கேயோ வாசித்த சொல்லைப் பொறுக்கி வைத்து, சரியான இடத்தில் போட்டிருக்கிறாள். சந்தோசத்தில் வகுப்பில் அந்த வசனத்தை வாசித்துக் காட்டினேன். "சேர், அப்படியெண்டா என்ன?" என்றான் பின்வரிசையில் ஒருவன். "காது செவிடாகிற மாதிரி" என்றேன்.

"அப்ப ஆருக்கு சேர் காது போன?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுடா, மிச்சம் சத்தமா எண்டுதான் கருத்து" என்று அடுத்த கொப்பியை எடுத்தேன். அகராதியும் அப்படித்தான் சொல்லும். ஆனால் வீட்டுக்கு வரும் வழியிலெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் காது போன ஒருவர் இருக்கிறார். என் வாப்பா.

அவர் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் சொல்லைப் பிரிப்போம். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம், ஒரு சொல் தொந்தரவு செய்தால் அதைக் கழற்றிப் பார்ப்பது.

இதில் நாலு துண்டு இருக்கிறது. 'டெஃப்' என்றால் செவிடு. அதோடு 'என்' சேர்ந்தால் 'ஆக்கு' என்று பொருள் வரும். கறுப்புக்குரிய 'பிளாக்' என்பது 'பிளாக்கன்' ஆகிக் கறுப்பாக்கு என்று வருவதுபோல, 'டெஃபன்' என்றால் செவிடாக்கு. 'இங்' சேர்ந்தால் செவிடாக்குகின்ற. கடைசியில் வரும் 'லி' தான் இதை வினையடையாக மாற்றுவது. இந்த 'லி' முற்காலத்தில் தனிச்சொல்லாக இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'உடல், உருவம்' என்று பொருள். 'போல' என்று பொருள்படும் 'லைக்' என்ற சொல்லும் அதே குடும்பம்தான். ஆக, பிள்ளை எழுதிய சொல்லை முழுசாக மொழிபெயர்த்தால் 'செவிடாக்குகின்ற விதமாக' என்று வரும். பேச்சுக்குச் சொல்வது என்று நான் தட்டிக்கழித்ததற்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. யாரோ ஒருவரின் காது போகிறது என்றுதான் அது சொல்கிறது.

இந்த இடத்தில் பெரிய சத்தத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள மற்றச் சொற்களையும் பாருங்கள். இடியிலிருந்து ஒரு சொல் இருக்கிறது, 'தண்டரஸ்லி'. அது வானத்தைப் பார்க்கிறது. 'ஸ்டென்டோரியன்' என்று ஒரு பெரிய சொல் இருக்கிறது. ஹோமரின் இலியட்டில் ஐந்தாம் பகுதியில் ஸ்டென்டோர் என்றொருவன் வருகிறான். ஐம்பது பேர் சேர்ந்து கத்துகிற அளவுக்கு அவன் ஒருவனுக்கே வெண்கலக் குரல். அந்த நீண்ட காவியத்தில் அவன் பெயர் வருவது ஒரே ஒரு தடவைதான், அதுவும் ஹீரா என்ற தேவதை அவனுடைய உருவத்தை எடுத்துக்கொண்டு கத்தினாள் என்று சொல்வதற்காக. அந்த ஒரு தடவைக்காக இன்றுவரை அகராதியில் இருக்கிறான். எங்கள் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் படிக்கும் நுண்ணுயிர்களில்கூட எக்காளம் போன்ற உருவமுள்ள ஒன்றுக்கு அவன் பெயரை வைத்திருக்கிறார்கள். இந்தச் சொல் தொண்டையைப் பார்க்கிறது, சத்தம் போட்டவனைப் புகழ்கிறது.

சாதாரண 'லவுட்' என்ற சொல்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அதன் ஆதி வேருக்குக் 'கேட்கப்பட்டது' என்று பொருள். சமஸ்கிருதத்தில் 'சுருதி' என்று இருக்கிறதே, நாம் சுருதி சேரவில்லை என்றெல்லாம் சொல்கிறோமே, அதுவும் இந்த 'லவுட்'டும் தூரத்துச் சொந்தக்காரர்கள். ஒன்று 'கேட்டது' என்ற சொல், மற்றது 'இனிக் கேட்காது' என்ற சொல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத்தான் இன்று ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், 'டெஃபனிங்லி லவுட்' என்று.

இத்தனை சொற்களிலும், சத்தத்தைக் கேட்டவனுக்கு என்ன நடந்தது என்று சொல்வது 'டெஃபனிங்லி' ஒன்றுதான். மற்றதெல்லாம் சத்தம் போட்டவன் பக்கத்தில் நிற்கின்றன.

'டெஃப்' என்ற அடிச்சொல்லின் வரலாறு அவ்வளவு நல்லதில்லை. தமிழில் செவிடு என்று சொல்லும்போது உள்ளே செவி இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆங்கிலச் சொல்லுக்குள் காது இல்லை. அதன் ஆதி வேருக்குப் புகை, புழுதி, கலங்கல் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் பொருள் சொல்கிறார்கள். அதே வேரிலிருந்து கிரேக்கர்களுக்குக் 'குருடு' என்ற சொல் கிடைத்தது. வாய் பேச முடியாதவரைச் சொல்லி, பிறகு முட்டாள் என்ற ஏச்சாகவும் மாறிப்போன 'டம்ப்' என்ற சொல்லும் அந்தக் குடும்பத்தில் வந்ததென்றே கருதுகிறார்கள். ஜெர்மன் மொழியில் 'டவுப்' என்றால் செவிடு. அதே சொல்லின் வடபுலத்து வடிவமான 'டோஃப்' இன்று ஜெர்மன் பேச்சு வழக்கில் மடையன் என்று ஏசும் சொல். காது கேட்காதவன் என்றால் புத்தியில்லாதவன் என்று ஒரு கணக்கு அந்த நாடுகளிலும் இருந்திருக்கிறது. நாங்கள் மட்டும் என்ன குறைவா? ஒரு பிள்ளை கூப்பிட்டுத் திரும்பவில்லை என்றால் முதலில் வாயில் வருகிற சொல் எது என்று எல்லோருக்கும் தெரியும்.

பழைய ஆங்கிலத்தில் உள்ளே பருப்பில்லாத கொட்டையை 'டெஃப் நட்' என்றார்கள். மணி பிடிக்காத கதிருக்கும் அதே சொல். நம்முடைய பாசையில் சப்பி நெல், பதர். இதை வாசித்தபோது எனக்கு மனம் ஒரு மாதிரியாகிவிட்டது. என் வாப்பா இருபது வருசத்துக்கு மேல் நெல்மில்லில் வேலை செய்தவர். சப்பியை வேறாக்கி வேறாக்கியே காது போனது.

'டெஃபன்' என்ற வினைச்சொல் 1590களில் ஆங்கில எழுத்தில் வரத் தொடங்குகிறது. 'டெஃபனிங்' என்பதும் அதே காலம்தான். ஷேக்ஸ்பியரும் நான்காம் ஹென்றி நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் இதைக் கையாண்டிருக்கிறார், பழைய அச்சுப் பிரதியில் எழுத்துக்கூட்டல் சற்று வேறு. நோயாளி அரசனுக்கு அமைதியான இரவில், மெத்தையில் நித்திரை இல்லை. நடுக்கடலில், காதடைக்கும் புயலில், பாய்மரத்தின் உச்சியில் இருக்கும் கப்பல் பையனுக்கு நித்திரை வருகிறதே என்று அரசன் புலம்புகிறான். அங்கே அந்தச் சொல் வர்ணனைதான், யாருக்கும் காது போகவில்லை. அதற்குப் பிறகு வந்த எழுத்தாளர்கள் கைதட்டலுக்கும் பீரங்கிக்கும் அருவிக்கும் என்று கண்டதற்கெல்லாம் இதைப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள்.

ஆனால் சொல் தேய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் சத்தம் உண்மையாகவே காதுகளைத் தின்றுகொண்டிருந்தது.

இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்றொரு வைத்தியர் இருந்தார். எந்தத் தொழில் செய்பவருக்கு என்ன நோய் வருகிறது என்பதைப் பற்றி 1700இல் ஒரு நூல் எழுதி, 1713இல் அதை விரிவாக்கினார். வெனிஸ் நகரத்தில் செம்புப் பாத்திரம் அடிப்பவர்கள் நாள் முழுக்கச் சுத்தியலோடு இருப்பதால் காது மந்தமாகி, வயதாகும்போது முழுச் செவிடாகிப் போகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். முந்நூறு வருசத்துக்கு முந்திய செய்தி இது.

பிறகு நீராவி இயந்திரக் காலம் வந்தது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் கப்பலுக்கும் ரயிலுக்கும் கொதிகலன் செய்யும் நகரம். இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று சேர்க்க, பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் விட்டு வெளியே ஒருவர் சுத்தியலால் அடிப்பார். உள்ளே ஒருவர் கொதிகலன் வயிற்றுக்குள் இருந்து ஆணியின் மறுபக்கத்தைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். ஒரு பெரிய இரும்புப் பீப்பாவுக்குள் நீங்கள் இருக்க வெளியே இருந்து அடித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான், காலையிலிருந்து மாலை வரை, வருசக்கணக்கில்.

தோமஸ் பார் என்ற காது வைத்தியர் 1886இல் அந்தக் கிளாஸ்கோ தொழிலாளர் 100 பேரின் காதைச் சோதித்தார். சோதனை மிகவும் எளிமையானது. ஒரு கடிகாரத்தைக் காதிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடித்தால் டிக் டிக் சத்தம் கேட்கிறது என்று அளந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரும்பு வார்ப்பவர்களையும் கடிதம் விநியோகிக்கும் தபால்காரர்களையும் சோதித்தார். கொதிகலன் தொழிலாளர் 100 பேரில் ஒருவருக்காவது சரியான கேள்விப்புலன் இல்லை. ஒருவருக்கும் இல்லை! கூட்டத்தில் பேசினால் விளங்குமா என்றும் கேட்டார். பெரும்பாலானவர்களுக்கு அதுவும் இல்லை.

என் வகுப்புப் பையனின் கேள்விக்கு 1886இலேயே பதில் இருந்திருக்கிறது. ஆருக்குக் காது போன? இவர்களுக்குத்தான்.

இதில் இன்னொரு விசயம். அந்தக் கிளாஸ்கோவில் தொழிலாளர்கள் குடியிருந்த மாடிக் கட்டடங்களில், மேல்வீட்டுச் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்காமலிருக்கத் தரைப் பலகைக்குக் கீழே சாம்பலும் மண்ணும் போட்டு நிரப்புவார்கள். ஸ்கொட்லாந்துக் கட்டட வேலைக்காரர்களின் பாசையில் அந்த நிரப்புக்குப் பெயரும் 'டெஃபனிங்' தான். சத்தத்தைச் செவிடாக்குவது என்ற கருத்து. ஒரே ஊரில், ஒரே சொல், பட்டறையில் மனிதனைச் செவிடாக்கியது, வீட்டில் தரையைச் செவிடாக்கியது. தரைக்கு யோசித்த அளவுக்கு மனிதனுக்கு யோசிக்கவில்லை. பார் அறிக்கை எழுதியதற்குப் பிறகும் ஏறக்குறைய 90 வருசம் போனது. பிரிட்டனில் தொழிலால் காது போனதற்கு ஒரு தொழிலாளி நீதிமன்றத்தில் முதன்முதலாக நட்டஈடு வென்றது 1970களின் தொடக்கத்தில்தான். அரசாங்கத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் காது கேளாமை சேர்ந்தது 1975இல்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று யோசித்துப் பார்த்தேன். காது போவது வலிக்காது, இரத்தம் வராது. பக்கத்தில் வேலை செய்பவனுக்கும் அப்படித்தான் இருக்கும், ஆகவே அது தொழிலோடு வருகிற ஒன்று என்று எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். என் வாப்பாவும் அப்படித்தான் சொல்வார், "மில்லுக்குள்ள இருந்தா அப்படித்தான் மகன்." தகரக் கூரைக்குக் கீழே மோட்டாரும் பெல்ட்டும் ஓடிக்கொண்டிருக்க, கையால் சாடை காட்டித்தான் வேலை நடக்கும். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் காதுக்குள் ஊஊ என்று இரைகிறது என்பார். படுத்து எழும்பினால் சரியாகிவிடும் என்பார். கொஞ்ச நாள் அப்படிச் சரியாகவும் வந்தது. பிறகு சரியாகவில்லை.

எங்கள் காதின் உள்ளே நத்தை ஓடு போன்ற உறுப்பில் மயிர் போன்ற மெல்லிய தும்புகள் உள்ள கலங்கள் இருக்கின்றன. ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000. பெரிய சத்தம் அவற்றை வெள்ளத்தில் புல் சாய்வதுபோலச் சாய்க்கும். ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் நிமிரும். திரும்பத் திரும்ப அடித்தால் செத்துவிடும். செத்தது மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சுக் குரல் பக்கம். அதனால்தான் வாப்பாவுக்கு என் குரல் ஓரளவு விளங்கும், பேரப்பிள்ளை கதைத்தால் விளங்காது. "கேக்குது, ஆனா என்னெண்டு விளங்குதில்ல" என்பார். அது புரியாமல் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்குக் கத்தினோம். பல வருசம். கத்துவதைக் கோபம் என்று நினைத்து அவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தார். கலியாண வீடுகளுக்குப் போவதையும் விட்டார். வயசுபோனவர் அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். என்னுடைய பங்கும் அதில் இருக்கிறது.

தோமஸ் பாரின் சோதனையைப் பற்றி வாசித்த அன்று இரவு, சுவரில் இருந்த மணிக்கூட்டைக் கழற்றிக்கொண்டு போய் வாப்பாவின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். இரண்டு முழத்தில் இல்லை. ஒரு சாணில் இல்லை. காதோடு ஒட்டிவைத்தேன். என்னையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "பெட்டரி முடிஞ்சா மகன்?"

உலகத்தின் ஆகப் பெரிய சத்தம் என்று வரலாற்றில் பதிவாகியிருப்பது 1883 ஓகஸ்ட் 27 காலை 10 மணியளவில், இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை வெடித்த சத்தம். 36,000க்கு மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள், அநேகமானோர் கடல் அலையில். அந்த வேளையில் நோர்ஹாம் காசில் என்ற பிரித்தானியக் கப்பல் அங்கிருந்து ஏறக்குறைய 40 மைல் தூரத்தில் இருந்தது. தன் மாலுமிகளில் பாதிக்கு மேற்பட்டோரின் செவிப்பறை கிழிந்துவிட்டது என்று கப்டன் சாம்ப்சன் பதிந்திருக்கிறார். கியாமத் நாள் வந்துவிட்டதென்றே அவர் நம்பினாராம். அதே சத்தம் ஏறக்குறைய 4,800 கிலோமீற்றர் கடந்து, நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு இந்து சமுத்திரத்தின் மறுபக்கத்தில் உள்ள ரொட்ரிகஸ் தீவில் கேட்டது. அங்கிருந்த பொலிஸ் தலைமை அதிகாரி ஜேம்ஸ் வாலிஸ், கிழக்கே எங்கோ பீரங்கி வெடிக்கிறது என்று குறித்துவைத்தார். இலங்கையிலும் அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் கிழக்குக் கரையில் பாணமையில் கடல் ஏறி ஒரு பெண் இறந்ததாகவும் பதிவு இருக்கிறது. 2004க்கு முன்பும் எங்கள் கரைக்கு அந்தத் திசையிலிருந்து அலை வந்திருக்கிறது என்று பாடத்தில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை.

ஒரே சத்தம்தான். 40 மைலில் செவிப்பறையைக் கிழித்தது. சமுத்திரத்துக்கு அப்பால் யாரோ பீரங்கி விடுகிறார்கள் என்று யோசிக்க வைத்தது. ஆகவே 'டெஃபனிங்' என்பது சத்தத்தின் குணத்தைச் சொல்லும் சொல் மட்டும் அல்ல. கேட்டவன் எங்கே நின்றான் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், அடுத்த மாதம் எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டி. சவுண்ட் பொக்ஸ்கள் வரும். காது வைத்தியத்தில் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணித்தியாலம், 91 என்றால் 2. இப்படியே போனால் 100 டெசிபலுக்கு 15 நிமிசம்தான். பெரிய பொக்ஸுக்கு முன்னால் நின்றால் 100 என்பது சர்வசாதாரணம். கழிந்த வருசம் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் கூடாரத்தை நிழலுக்காக எங்கே போட்டிருந்தோம் என்று நினைவிருக்கிறதா? பொக்ஸ் அடுக்குக்கு நேர் முன்னால். காலை எட்டரையிலிருந்து பின்னேரம் வரை. போட்டவர்களில் நானும் ஒருவன்.

நேற்றுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "சத்தம் இல்லாட்டி ஸ்போர்ட்ஸ் மீட் மாதிரியா இருக்கும் சேர்?" என்றார் ஒருவர். சத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கூடாரத்தை வேப்பமரப் பக்கத்துக்கு மாற்றுவோம், பொக்ஸை மைதானத்தின் மறுமுனைக்குத் திருப்புவோம் என்றேன். கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. கூடாரத்தை மாற்றச் சம்மதித்திருக்கிறார்கள். பொக்ஸ் விசயம் சவுண்ட் காரரோடு கதைத்துத்தான் முடிவாகும்.

கேள்வி கேட்ட பையனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நாளைக்கு மூன்றாம் பாடம் தரம் 10. மணிக்கூட்டைக் கொண்டுபோக இருக்கிறேன். வகுப்பில் எல்லோருடைய காதையும் வரிசையாகச் சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு யோசனை. மில்லில், மரம் அரியும் ஆலையில், வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவர்கள் வீட்டில் இருந்தால் நீங்களும் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். புது பெட்டரி போட்டுவிட்டுப் பிடியுங்கள்.